எண் எழுதாத பலகை

நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கம் பால் வாங்கப் போன பஞ்சர் கடைக்காரர் பதினோரு நாள் கழித்து வீடு திரும்பினார், பால் கெட்டுப்போகவில்லை. பாக்கெட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அவர் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, வந்து சேர்ந்தது அடுத்த வாரம் சனிக்கிழமை. வந்தவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, "என்னங்க இது, நம்ம வாசல்ல இவ்வளவு கூட்டம்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவருக்குத்தான் ஆச்சு என்று எப்படிச் சொல்வது? அவர் மனைவி அழுது அழுது குரல் போய் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கேட்டால், நேரே போனேன், யூ டர்ன் போட்டேன், பால் வாங்கினேன், அந்தப் பக்க யூ டர்னில் திரும்பி வந்தேன், எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் என்று கையில் அடித்துச் சொன்னார். அன்று காலை மழித்த முகத்தில் ஒரு முடி முளைத்திருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் வாயை மூடியது.

இது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே நூற்றுப் பத்து வீடுகள். பின்னால் ஏரி, இரண்டு பக்கமும் தொழிற்சாலை மதில், முன்னால் நெடுஞ்சாலை. வெளியே போக வேறு வழி கிடையாது. பால், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம். நடுத்திட்டில் ஒரு திறப்பு இருந்தது. அதன் வழியாக நாற்பது காலடி வைத்தால் அக்கரை. கையைத் தூக்கிக்கொண்டு, வருகிற லாரியை முறைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் தாண்டிவிடுவார்கள். மூன்று வருடத்தில் நான்கு பேர் தாண்டவில்லை. நாலாவது ஆள் டெய்லரக்காவின் புருஷன்.

டெய்லரக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பாள், ஆனால் எடுக்க மாட்டாள். ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தால் போதும், தோள் என்ன, கை என்ன, இடுப்பு என்ன என்று கண்ணுக்குள் விழுந்துவிடும். "துணியைக் குடுத்துட்டுப் போங்க, அளவெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்பது அவள் வாயில் நாளைக்குப் பத்து தடவை வருகிற பேச்சு. எழுதியதே இல்லை, தைத்தது தப்பியதும் இல்லை. அன்றைக்கு ஒரு பள்ளிச் சீருடைக்குக் கருநீல நூல் தீர்ந்துபோனது. மின்சார மீட்டர் கணக்கெடுக்கும் வேலை பார்த்த புருஷன் சோற்றுக்கு உட்காரப் போனவர். "ஒரு எட்டு போய் வாங்கிட்டு வந்துடுங்களேன்" என்றாள். போனார், வாங்கினார், திரும்பி வரும்போது வீட்டுக்குப் பதினேழு காலடி இருக்கையில் விழுந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் பிரேக் சத்தம் அவள் காதில் விழவில்லை. ஜனங்கள் ஓடுகிற சத்தம்தான் விழுந்தது. நூல்கண்டு மட்டும் உருண்டு வந்து இந்தப் பக்க ஓரத்தில் நின்றது. அன்றிலிருந்து அவள் அந்தத் தார் மேல் கால் வைக்கவில்லை. லாரி ஹாரன் கேட்டால் பெடலிலிருந்து கால் தானாக எடுபட்டுவிடும்.

திறப்பை மூடச் சொல்லி மனு எழுதியது அவள்தான். மூடக் கூடாது, மூடினால் சுற்றிச் சுற்றியே செத்துப்போவோம் என்று எதிர் மனு எழுதியது பஞ்சர் கடைக்காரர். இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு ஒரு குணம் உண்டு: வாசலில் வந்து நின்று கேட்கிற மனுஷரிடம் இல்லை என்று சொல்ல நா எழாது. காலையில் டெய்லரக்காவுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் சாயங்காலம் பஞ்சர் கடைக்காரருக்கும் போட்டார்கள். போகட்டும், பஞ்சர் கடைக்காரரே அவள் முகத்தைப் பார்த்து அவள் மனுவில் போட்டார். அவளும் மரியாதைக்கு அவர் மனுவில் போட்டாள். நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு மூடு என்று ஒரு மனு, அதே இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு மூடாதே என்று ஒரு மனு போய்ச் சேர்ந்தது.

இன்ஜினியர் நேரில் வந்தார். பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். திறப்பை மூடுவதாக இருந்தால் கொஞ்ச தூரம் தள்ளி யூ டர்ன் வைக்கலாம், எவ்வளவு தூரத்தில் வைக்கட்டும் என்று கேட்டார். அவ்வளவுதான், வராந்தா சந்தைக்கடை ஆகிவிட்டது. அரை கிலோமீட்டர் என்றார் ஒருவர், அது ஆபத்து, இரண்டு வேண்டும் என்றார் ஒருவர், ரெண்டு போனால் என் முட்டி என்னாகும் என்றாள் ஒரு கிழவி. மூன்று மணி நேரம் போனது. வெளியே லாரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. டெய்லரக்கா அதற்கு மேல் உட்காரவில்லை. எழுந்து நின்று, "சார், முதல்ல மூடுங்க. அளவை அப்புறம் எழுதிக்கலாம்" என்றாள். இன்ஜினியர் உத்தரவில் தூரம் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். இதை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒரே வாரத்தில் சிமெண்ட் தடுப்பு வந்தது, இடுப்பு உயரம். பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள்: திரும்புமிடம், அப்புறம் காலி, அப்புறம் கி.மீ. மறுநாள் காலையில் காலி இடத்தில் 2 என்று இருந்தது. அலுவலகத்து ஆள் வந்து எழுதியிருப்பான் என்று நினைத்தார்கள். அடுத்த நாள் 3. அதற்கடுத்த நாள் 7, அன்றைக்குத்தான் பஞ்சர் கடைக்காரர் பால் வாங்கப் போனார். பெயிண்ட் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி பழசாக, வெயிலில் வெளுத்ததாக இருந்தது. யாரும் எழுதி யாரும் பார்த்ததில்லை.

மெல்ல மெல்ல ஊர் கற்றுக்கொண்டது. 2, 3 என்றால் போய்விட்டு வரலாம். 4 என்றால் காலையில் போனவர் சாயங்காலம் வருவார். 5 என்றால் மறுநாள். 9 என்றால் இரண்டு மாதம். 12 இருந்த அன்று கவனிக்காமல் கிளம்பிய முடிதிருத்துபவர் இரண்டரை வருடம் கழித்து வந்து, கடையில் அரை முகம் சவரம் செய்து உட்கார வைத்துவிட்டுப் போன ஆளைத் தேடினார். போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு எப்போதும் இருபது, முப்பது நிமிடம்தான். காத்திருப்பவர்கள் தலையில்தான் எல்லாம் விடியும். எண்ணை நிரப்பித் தரச் சொல்லி அலுவலகத்துக்குப் போன் போட்டால், கையெழுத்துப் போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக வந்து ஒரே தூரத்தைச் சொன்னால் அந்த நிமிடமே எழுதிவிடுகிறோம் என்றார்கள். எப்படி வருவது? எந்த நேரமும் அதில் ஏழெட்டுப் பேர் யூ டர்னில் இருந்தார்கள். ஊரில் இருந்தவர்களும் ஒரே தூரத்தைச் சொல்லவில்லை.

சிலர் தடுப்பைத் தாண்டிக் குதித்தார்கள். திறப்பு இருந்த காலத்தில் வண்டிகள் அந்த இடத்தில் கொஞ்சமாவது வேகத்தைக் குறைக்கும். மூடிய பிறகு எதற்குக் குறைக்க வேண்டும்? குதித்தவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள். இரண்டு சாவுக்கும் டெய்லரக்கா போய் மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவள் மகள் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. மருமகன் பேக்கரி வேன் ஓட்டுகிறவர், அதிர்ந்து பேசாத பிள்ளை. பலகையில் 3 இருந்த ஒரு நாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியதில், குழந்தை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், ஆபரேஷன்தான், வலி வந்த உடனே இங்கே இருக்க வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அதனால் எண் இறங்குகிற நாளில் முன்கூட்டியே போய் அந்தப் பக்கம் தங்கிவிடுவது என்று பையெல்லாம் கட்டி வைத்திருந்தார்கள். டெய்லரக்கா விடிந்ததும் பல் கூடத் துலக்காமல் வாசலுக்கு வந்து பலகையைப் பார்ப்பாள். 8. 6. 10. 7. இந்தப் பாழாய்ப்போன பலகைக்குக் கண் இருக்கிறதா என்று திட்டுவாள். சொன்ன தேதிக்கு இருபது நாள் முன்னாலேயே, ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மகள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள். தரையெல்லாம் ஈரம். டெய்லரக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். பலகையில் 16.

வேன் வாசலுக்கு வந்து நின்றது. பின்னால் அன்று காலைச் சூட்டோடு எடுத்த ரொட்டித் தட்டுகள். மகள் வேனைப் பார்க்கவில்லை, சாலைக்கு அப்பால் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கேட் அங்கேதான் தெரிந்தது. நர்ஸ் ஒருத்தி துணி காயப் போட்டுக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது.

"நாப்பது அடிதானேம்மா. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே தாண்டிடலாம்மா."

"வாயை மூடு. அந்த ரோட்டைப் பத்தி என்கிட்ட பேசாதே. வண்டியில ஏறு."

"பதினாறு போட்டிருக்கும்மா."

"எவ்வளவு வேணாலும் இருக்கட்டும். உனக்கு அரை மணி நேரம்தானே? சுத்தி வந்தாலும் உயிரோட வருவே. எனக்கு அது போதும்."

"அப்ப நீயும் வா."

டெய்லரக்கா போகத்தான் நினைத்தாள். பையை உள்ளே வைத்தாள், கம்பியைப் பிடித்தாள். ஏற வேண்டுமானால் ஒரு கால் தாரில் வைத்து மறு காலைத் தூக்க வேண்டும். அந்த ஒரு கால் வரவில்லை. அப்போது ஒரு டேங்கர் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கை கம்பியை விட்டுவிட்டது. "என்னால முடியலைடி. நீங்க போங்க" என்றாள். மருமகன் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தார், மறு தடவை பார்க்க நேரமில்லை. வேன் கிளம்பியது. இரண்டாவது முறையாக ஒருவரை அந்தச் சாலையில் போகச் சொல்லி அனுப்பிவிட்டோம் என்பது வேன் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் மாதம் அவள் தூங்கவில்லை. மூன்றாவது மாதம் போன் கிடைத்தது. மகள் மூச்சு வாங்கிக்கொண்டே, "இப்பதானேம்மா கிளம்பினோம், இன்னும் மதில் கூட முடியலை" என்றாள். அடுத்த போன் ஒன்றரை வருடம் கழித்துக் கிடைத்தது. "அம்மா, இப்பதானே வச்சே? பெட்ரோல் பங்க் வந்திருக்கு. வலிக்குதும்மா." அதற்குப் பிறகு நான்கு வருடம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஊரில் அதற்குள் ஒன்பது கல்யாணம், பதின்மூன்று சாவு. மூக்கு ஒழுகிக்கொண்டு சீருடை தைக்க வந்த பெண் பிள்ளைகள் கல்லூரிக்குச் சுடிதார் தைக்க வந்தார்கள். டெய்லரக்காவுக்கு முட்டி தேய்ந்தது, கண்ணாடி வந்தது, தலை வெளுத்தது. ஆனால் மகளுக்கு வலி எடுத்து இன்னும் அரை மணி நேரம் ஆகவில்லை. மற்ற தாய்மார்கள் ஒரு ராத்திரி, ஒரு பகல் படுகிற பயத்தை அவள் வருடக் கணக்கில் பட்டாள். அடுப்பில் சோறு கொதிக்கும்போது, குளிக்கும்போது, பட்டன் கட்டும்போது, எந்த நேரமும் அங்கே என் பிள்ளை வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவளை விட்டுப் போகவில்லை. பாதிச் சோற்றில் எத்தனை நாள் எழுந்து போயிருக்கிறாள்.

குழந்தைக்கென்று வெள்ளைத் துணியில் ஒரு சட்டை தைத்து வைத்திருந்தாள். இரண்டு வருடத்தில் அது மஞ்சள் பாரித்தது. பிரித்துப்போட்டுப் புதுத் துணியில் தைத்தாள். அதுவும் பழசானது, மறுபடி தைத்தாள். இப்படி நாலு சட்டை. பஞ்சர் கடைக்காரர் மனைவி, "இத்தனை வருஷம் ஆச்சே, கொஞ்சம் பெரிசாத்தான் தையேன்" என்று சொன்னதற்கு, "பொறக்காத பிள்ளை எப்படிக்கா வளரும்?" என்று கேட்டாள். அதுவும் சரிதான் என்று அந்த அம்மாள் போய்விட்டாள்.

ஒன்பது வருடம், நான்கு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு எதிர்ப்பக்கம் பேக்கரி வேன் வந்து நின்றது. கழுவாத முன்கண்ணாடியில் அந்த வியாழக்கிழமையின் தூசி. மருமகன் குதித்து இறங்கி, மகளைக் கைத்தாங்கலாக இறக்கினார். மகள் ஒரு நிமிடம் நின்று இந்தப் பக்கம் பார்த்தாள். போன் அடித்தது.

"அம்மா, வந்துட்டோம்... அம்மா, உன் தலைக்கு என்ன ஆச்சு?"

டெய்லரக்கா, "உள்ளே போ, உள்ளே போ" என்று மட்டும் சொன்னாள். கேட் திறந்து மூடிக்கொண்டது.

அன்றைக்குப் பலகையில் 17. சுற்றிப் போனால் அவளுக்கு அரை மணி நேரம். ஆனால் போய்ச் சேரும்போது அந்தக் குழந்தை பத்து வயதுக்கு மேலாகி, யார் இந்தக் கிழவி என்று கேட்கும். மகள் அறுவை மேஜையிலிருந்து உயிரோடு இறங்கினாளா என்பதும் அப்போதுதான் தெரியும். இல்லாவிட்டால் நாற்பது காலடி. டெய்லரக்கா உள்ளே போய் நாலாவது சட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவைப் பூட்டவும் தோன்றவில்லை. ஓரத்தில் வந்து நின்றாள். பஞ்சர் கடைக்காரர் கையிலிருந்த டியூபைப் போட்டுவிட்டு, "வேணாம்மா, வேணாம்மா, சொன்னாக் கேளு" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார். அதற்குள் அவள் காலை வைத்துவிட்டாள்.

தார் சூடாக இருந்தது. கையைத் தூக்கினாள். புருஷன் தூக்குகிற மாதிரி, விரலை விரித்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணினாள். ஒரு கார் புடவையை இழுத்துக்கொண்டு போகிற காற்றோடு முன்னால் போனது. பத்தில் ஒரு லாரி. ஹாரன் அவள் பல்லுக்குள் கேட்டது. பதினாறில் கால் நின்றுவிட்டது. அடுத்த அடி எது என்று அவளுக்குத் தெரியும். "தள்ளிக்கோங்க, நான் போகணும்" என்று கீழே பார்த்துச் சொன்னாள். பதினேழு. ஒன்றும் ஆகவில்லை. இருபதில் தடுப்பு; முட்டி வலிக்க வலிக்க வயிற்றால் ஊர்ந்து அந்தப் பக்கம் விழுந்தாள். மீதி இருபதை எண்ணினாளா என்பது அவளுக்கே ஞாபகம் இல்லை. பிரேக் சத்தம் மூன்று தடவை கேட்டதாகவும், மூன்றாவது தடவை தான் கண்ணை மூடிக்கொண்டதாகவும் பஞ்சர் கடைக்காரர் சொல்வார். கண்ணைத் திறந்தபோது அவள் வெள்ளைக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பதினொன்று பத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. தாய்க்கு ஒரு குறையும் இல்லை. இப்போது இருந்தது வேறு நர்ஸ், அவள் அட்டையைப் பார்த்து, பிரசவத் தேதி என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒன்பது வருடம், மூன்று மாதம், சொச்சம் நாள் தாமதம் என்று எழுதிவிட்டு, "யூ டர்ன்ல வந்தீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். சட்டை அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. வேனிலிருந்த ரொட்டியை மருமகன் வார்டுக்கெல்லாம் கொடுத்தார். கையில் பிடிக்க முடியாத சூடு.

அதற்குப் பிறகு அவர்கள் வீடு திரும்பவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த ரோட்டைத் தாண்டவும் விடமாட்டேன், சுற்றிப் போகவும் விடமாட்டேன் என்று டெய்லரக்கா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். மருந்துக் கடை மாடியில் ஒரு அறை எடுத்தார்கள், பழைய மிஷின் ஒன்று வாங்கிப் போட்டாள். இங்கே அவள் ஆளை நிறுத்தி, நாடாவைப் பிடித்து, ஒவ்வோர் அளவையும் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் துணியைத் தொடுகிறாள். ஜன்னலில் உட்கார்ந்தால் அவள் வீடு தெரியும். பூட்டாத கதவு காற்றுக்குத் திறந்து திறந்து மூடும். காலையில் பஞ்சர் கடைக்காரர் போய் அவள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அங்கிருந்து கையைத் தூக்குவார். இவளும் தூக்குவாள். பால் மட்டும் அவர் இப்போது பலகையைப் பார்த்துத்தான் வாங்க வருகிறார்.

பேத்திக்கு நாலு வயதானபோது ஒரு நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது யார் வீடு பாட்டி என்று கேட்டாள்.

"நம்ம வீடுதான் கண்ணு."

"எவ்வளவு தூரம்?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே லாரி ஒன்று ஹாரன் அடித்தது. டெய்லரக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள், பேத்தியின் கையைக் கம்பியிலிருந்து பிரித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அளவு இன்னும் எழுதலை" என்றாள்.